கழுதைக் கோடு

ஜனவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது. நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் அக்கா போய்ச் சேர்ந்த பிறகு நமக்குள் கடிதப் போக்குவரத்தே நின்றுவிட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை, அவரவருக்கு அவரவர் வேலை.

விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறும்போது எல்லைப் படையில் எனக்கு ஒரு கைத்துப்பாக்கி கொடுத்தார்கள் அல்லவா, அது பீரோவில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. போன வாரம் நண்பர்கள் சாப்பிட வந்தபோது எடுத்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு டாக்டர் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புரட்டிப் பார்த்தார். "என்ன சார், நேத்துதான் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு? இருபது வருஷம் இடுப்புல கட்டியிருந்தேன்னீங்களே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஆயுதக் கிடங்கில் இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். இடுப்பில் கட்டவில்லை, பெட்டி பெட்டியாக அடுக்கினேன். அதற்கும் ஓர் ஆள் வேண்டுமே! ஆனால் இங்கே யாருக்கும் அது தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. சின்ன வயதில் எல்லைக் கதை சொன்னால்தான் அவள் வாயைத் திறந்து சாப்பிடுவாள். அப்படி ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை.

நீ பட்டறையில் பழைய துப்பாக்கிக்கெல்லாம் மெருகு போட்டுப் புதுசாக்குகிறாய். புதுசைப் பழசாக்கவும் தெரியும்தானே? வேலை செய்யும் பாகம் எதையும் தொடாதே. மேல் தோற்றத்தில் கொஞ்சம் தேய்மானம் இருந்தால் போதும். பழைய கிடங்கு வண்டி டிரைவர் அதைத் துப்பாக்கி உரிமத்தின் நகலோடு கொண்டுவந்து தருவார்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தான்


ஜனவரி 27

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், படியேறுவதைக் குறையுங்கள்.

பொருள் பத்திரமாக வந்து சேர்ந்தது. இத்தனை வருடத்தில் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் "ஐயோ, கீறல் விழுந்துடுச்சே" என்று மூக்கால் அழுதுகொண்டு வருவார்கள். கீறல் விழவில்லையே என்று வருத்தப்பட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான். பிரித்துப் பார்த்தேன். உள்ளே கம்பெனிக்காரன் தடவிய மசகு அப்படியே இருக்கிறது, குழலில் ஒரு குண்டும் போனதில்லை. மசகைத் துடைத்துவிட்டேன்.

வேலை நடந்துகொண்டிருக்கிறது. உறைக்குள் போய்ப் போய் வரும் துப்பாக்கிக்கு முதலில் குழல் முனையில் ஓரம் வெளுக்கும். அப்புறம் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் விளிம்புகள். கைப்பிடியின் பின்பக்கம் உள்ளங்கை வியர்வையில் கருநீலம் போய்ப் பழுப்பாகும். உப்புத்தாளால் தேய்த்தால் திருட்டு உடனே வெளிப்பட்டுவிடும், அதனால் தோல் துண்டில் எண்ணெயும் நைசான தூளும் வைத்துத் தேய்க்கிறேன். "புதுச் சட்டையைக் கிழிச்சு ஒட்டுப் போடுறீங்களே, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்கிறாள் என் மனைவி. நியாயமாகத் தேய்ந்த பொருள் போலவே இருக்கும். டாக்டர் வாயைத் திறக்க மாட்டார்.

என் மருமகள் வாலு எப்படி இருக்கிறாள்? மாமாவை மறந்தே போய்விட்டாளா?

இப்படிக்கு,
மச்சான்


பிப்ரவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. ஒத்தடம் கொடுக்கிறேன், கேட்கிறது.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இது டாக்டருக்காக மட்டும் இல்லை. வாலு படையின் அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வாகியிருக்கிறாள்! முதலில் நான் ஒரேயடியாக வேண்டாம் என்றேன். பெண் பிள்ளை, கல்யாண வயசு. இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். "உங்க பொண்ணுப்பா நான், வேற எங்க போவேன்?" என்றாள். அதைக் கேட்ட பிறகு எந்த அப்பனால் மறுக்க முடியும்?

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். படைக் குடும்பத்துப் பிள்ளைகள், அப்பாவோ அம்மாவோ வைத்திருந்த ஆயுதத்தைக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்து, அதன் கதையைச் சொல்ல வேண்டும். ஆகவே வெறும் தேய்மானம் பத்தாது மச்சான். ஒரே ஒரு கீறல் வேண்டும். பார்த்தவர்கள் "இது எப்படி ஆச்சு?" என்று கேட்க வேண்டும். எங்கே, எப்படி என்பதெல்லாம் உன் பொறுப்பு. எனக்கு அதெல்லாம் தெரியாது.

வேலை முடிந்ததும் நீயே கொண்டுவர வேண்டாம், டிரைவரிடம் கொடுத்துவிடு. அவளை வழியனுப்ப மேலதிகாரிகள் வருவார்கள். உன் கை இருக்கும் இருப்பு உனக்கே தெரியும், கரி பிடித்த நகத்தோடு வந்து நின்றால் யார் என்று கேட்பார்கள், நான் என்ன சொல்ல? தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய். உன் அக்காதான் இப்படி எதற்கெடுத்தாலும் மனதில் வைத்துக்கொள்வாள். உங்கள் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது நான் அனுப்பவில்லை என்று கடைசி வரைக்கும் முணுமுணுத்தாள். அன்றைக்கு வீட்டில் அதிகாரிகளுக்கு விருந்து, சமைக்க வேறு ஆள் இல்லை. அவள் போயிருந்தால் மட்டும் கிழவி எழுந்து உட்கார்ந்திருப்பாளா? பெண்களுக்கு எல்லாமே பெரிசு.

சீக்கிரம் முடித்துக் கொடு.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 15

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். சுகம், உங்கள் சுகமும் அதுவே ஆகட்டும். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பட்டறையில் வேலை.

வாலு தேர்வானது கேட்டு என் மனைவி தெருவுக்கே இனிப்பு கொடுத்தாள்.

கீறலை எங்கே போடுவது என்று பல நாள் யோசித்தேன். இடது பக்கம், ஸ்லைடைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன நெம்பு இருக்கிறதே, அதற்குக் கீழே துப்பாக்கியின் உடம்பில் வளைவாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். நகத்தால் வருடினால் தட்டும். போட்ட பிறகு அதன் மேல் கொஞ்சம் கைபட்ட பழமையும் ஏற்றினேன், இல்லையென்றால் நேற்றைய கோடு என்று தெரிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும். இதை வைத்திருந்தவர் எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 28

அருமை மச்சானுக்கு,

ஆயிரம் ஆசீர்வாதம்! நீ நன்றாக இருப்பாய். நான் பரம சௌக்கியம், முழங்கால் வலிகூட ஓடிவிட்டது.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அன்னைக்குக் காட்டினது சடங்குத் துப்பாக்கி டாக்டர், இதுதான் நான் கட்டியிருந்தது" என்றேன். மனுஷன் விரலால் அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அந்தக் கோட்டுக்கு நான் ஒரு கதை கட்டியிருக்கிறேன், கேள். மழை இரவு. அடிபட்ட ஒரு சிப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு முள்வேலிக்கு அடியில் ஊர்ந்து வருகிறேன். கம்பி துப்பாக்கியைக் கீறிக்கொண்டு போகிறது. "அது மட்டும் இல்லேன்னா கம்பி என் வயித்தைக் கிழிச்சிருக்கும்மா" என்றேன். வாலு அந்தக் கோட்டுக்கு முத்தம் கொடுத்தாள் மச்சான். என் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த மாதம் இருநூறு பேர் முன்னால் இதைத்தான் சொல்லப் போகிறாள். கதையில் ஏதாவது பொருந்தவில்லை என்றால் இப்போதே எழுது, மாற்றிச் சொல்லிக் கொடுக்கிறேன். உனக்குத்தான் இந்த நுணுக்கமெல்லாம் தெரியும்.

அன்புடன்,
அத்தான்


ஏப்ரல் 6

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

கதை பிரமாதம். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். கோட்டைச் சுட்டிக்காட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்


மே 20

அன்புள்ள மச்சானுக்கு,

நலமா? நான் ஏதோ இருக்கிறேன்.

வாலுவிடமிருந்து கடிதமே இல்லை. மேசை நாள் எப்படி நடந்தது என்று மூன்று கடிதம் போட்டுவிட்டேன். பயிற்சி கடுமையாக இருக்கும், நேரம் இருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். போன் செய்தால் வேறு யாரோ பெண் எடுத்து, "அவ வரலையாம் அங்கிள்" என்கிறாள். பின்னால் யாரோ கனைத்துச் சிரிக்கிறார்கள். உனக்கு ஏதாவது எழுதினாளா?

அத்தான்


ஜூன் 2

அன்பு மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? அத்தை, பிள்ளைங்க எல்லாரும் சௌக்கியமா? உங்களுக்கு எழுதாம இருந்ததுக்கு என்னைத் திட்டிக்கோங்க. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை.

மேசை நாளைப் பத்திச் சொல்றேன். அப்பா துப்பாக்கியை வெல்வெட் துணியில வெச்சுக் கொண்டுபோனேன். ஆயுதப் பயிற்சி தர்ற வாத்தியாரம்மா எடுத்துப் பார்த்தாங்க. "இந்தக் கோடு எப்படி விழுந்துச்சு?"ன்னு கேட்டாங்க. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு மழை, முள்வேலி, அடிபட்ட சிப்பாய், எல்லாம் சொன்னேன்.  அவங்க துப்பாக்கியை உயரத் தூக்கி, பின்னாடி நின்ன சீனியருங்ககிட்ட, "இது என்ன கோடு?"ன்னாங்க. எல்லாரும் ஒரே குரல்ல, "கழுதைக் கோடு, மேடம்!"னு கத்தினாங்க.

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துப்பாக்கியைக் கழட்டி மாட்டும்போது அந்தச் சின்ன நெம்பை நேராத் தூக்கிச் செருகணும். தெரியாதவன் அதை அப்படியே இழுத்துக்கிட்டுப் போய்ச் செருகுவான், உடம்புல வளைவா ஒரு கோடு விழும். இங்க முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடமாம் அது. நான் காய்ச்சல்ல படுத்திருந்த வாரம். அப்புறம் உள்ளே பிரிச்சுப் பார்த்தாங்க. "ஒரு குண்டுகூடப் போனதில்ல. இது உறையில தேஞ்சதும் இல்ல, பட்டறையில தேய்ச்சது. உங்கப்பா இடுப்புல இது இருந்ததே இல்லம்மா"ன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க, ஆனா மைக் முன்னாடி.

அன்னையிலிருந்து என் பேரு கழுதை மகள். சாப்பாட்டு வரிசையில நான் தட்டை எடுத்தாலே கனைக்கிறாங்க. கட்டில்ல புல்லு கொண்டுவந்து போடுறாங்க. நான் ஓடிடுவேன்னு பந்தயம்கூடக் கட்டியிருக்காங்க. ஓட மாட்டேன்.

மாமா, தேய்ச்சது நீங்கதான்னு எனக்குத் தெரியும். அப்பா கேட்டிருப்பார், பெரியவர் பேச்சைத் தட்ட முடியாம செஞ்சிருப்பீங்க. அதுல எனக்குக் கோபமே இல்லை. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தக் கோடு என்னன்னு அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா லீவு விட்டதும் முதல் ரயில்ல வீட்டுக்குப் போயி, "ஏம்ப்பா இப்படிப் புளுகினீங்க"ன்னு சண்டை போட்டு, அவர் மடியில படுத்துச் சிரிச்சுடுவேன். புளுகாத அப்பா எங்க இருக்கார்? நீங்களா விளையாட்டுக்குப் போட்டிருந்தாலும் சொல்லிடுங்க. நாலு நாள் உங்களைத் திட்டிட்டு மறந்துடுவேன். ஆனா தெரிஞ்சும் என் கையில கொடுத்தார்னா, எனக்கு அப்பா வேண்டாம். அவர்கிட்ட கேட்க எனக்குப் பயமா இருக்கு. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.

உங்க,
வாலு


ஜூன் 12

என் தங்க மருமகளுக்கு,

மாமா நலம், அத்தையும் பிள்ளைகளும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. கனைக்கிறவர்கள் கனைக்கட்டும், தொண்டை அவர்களுடையதுதான் புண்ணாகும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. எழுதாமலே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் என்னை நம்பிக் கேட்டிருக்கிறாய், பொய் எழுத மனசு வரவில்லை.

அவரிடம் சொன்னேன் மருமகளே. "அத்தான், இந்த இடத்துல கோடு வேண்டாம், தெரிஞ்சவங்க சிரிப்பாங்க" என்று சொன்னேன். "தெரிஞ்சுதான் கேக்குறேன் மச்சான். பட்டினி கிடந்து சம்மதம் வாங்கிட்டா, என்னால தடுக்க முடியல. அங்க நாலு பேரு சிரிச்சா தானா அழுதுக்கிட்டு ஓடி வந்துடுவா. அப்புறம் ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்துடலாம்" என்றார். நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். உன் அம்மா இருந்த வீடு, அத்தான் என்ற மரியாதை, செய்துவிட்டேன்.

இதை அவரிடம் கேட்காதே. கேட்டால் அழுவார், சத்தியம் செய்வார், நீயும் நம்பிவிடுவாய். கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. லீவுக்கு இங்கே வா. உன் அம்மா உட்காரும் ஜன்னலோரக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது.

நீ ஓடி வரக் கூடாது. முடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

உன் நலம் விரும்பும்,
மாமா


நவம்பர் 18

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சர்க்கரை ஏறி, கண் மங்கலாக இருக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வாலு லீவுக்கு வரவில்லை. நான் போடும் கடிதமெல்லாம் பிரிக்காமலே திரும்பி வருகிறது. என்ன நடந்தது என்று டாக்டர்தான் யாரிடமோ விசாரித்துச் சொன்னார். சிரிக்கவில்லை மச்சான், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கோடு அப்படிப்பட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்குள் இருந்ததைத்தானே நான் அடுக்கினேன், ஒரு துப்பாக்கியையாவது கழற்றி மாட்டியிருப்பேனா? உன்னை நான் ஒன்றும் சொல்லவில்லை. கீறல் கேட்டவன் நான், நீ ஏதோ நல்லதென்று நினைத்துப் போட்டிருப்பாய்.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். நான் கிடங்கு ஆள், கதையெல்லாம் பொய், உன் அப்பன் ஒரு கோழை, ஆனால் உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று நினைத்ததில்லை என்று எழுதினேன். அதுவும் அப்படியே திரும்பி வந்துவிட்டது. அது மேசை மேல் கிடக்கிறது.

இந்த வருடக் கடைசியில் அவளுக்குப் பயிற்சி முடிகிறது. அன்றைக்குத் தோளில் நட்சத்திரம் குத்திவிடுவது பெற்றவர்கள்தானாம். விழாவுக்குப் போட என் கோட்டு சூட்டை எடுத்துச் சலவைக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். தேதிதான் தெரியவில்லை, பள்ளியில் கேட்டால் "உங்க பொண்ணைக் கேளுங்க" என்கிறார்கள். அவள் அம்மாவுக்கு அடுத்து உன் பேச்சைத்தான் கேட்பாள். நீ ஒரு வரி எழுது மச்சான். அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்று ஒரே ஒரு வரி. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அத்தான்


டிசம்பர் 29

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். கடவுள் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். சர்க்கரைக்கு மாத்திரையை நேரம் தவறாமல் எடுங்கள், கண்ணை உடனே காட்டுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது வாலு லீவுக்கு இங்கேதான் வந்திருந்தாள், உடனே பதில் எழுத முடியவில்லை. நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், கறுத்திருக்கிறாள், யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. வகுப்பில் இரண்டாவது இடம். இப்போது அவளைப் பார்த்துக் கனைக்க ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

நீங்கள் கேட்ட விழா போன வெள்ளிக்கிழமை நடந்து முடிந்தது. நானும் என் மனைவியும் போயிருந்தோம். முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய், இரண்டு தோளிலும் நட்சத்திரத்தை நான்தான் குத்தினேன். ஊசி லேசாகப் பட்டுவிட்டது, அவள் முகம் சுளிக்கவில்லை.

பள்ளித் தலைவர் கை கொடுத்துவிட்டு, "அப்பா வரலையாம்மா?" என்று அவளைக் கேட்டார். "எனக்கு அப்பா இல்லை சார், மாமாதான்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் விருந்து நடந்த அன்று எங்கள் அம்மாவும் "பொண்ணு வரலையா?" என்றுதான் கேட்டுக்கொண்டு கிடந்தாள். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்